கூட்டம் ஏறினால் மட்டும் 502, சிபியு சும்மா இருக்கிறது

மாதிரித்தேர்வு:
ஞாயிறு காலை 10 மணிக்கு எங்கள் தளத்தில் ஆன்லைன் தேர்வு. பத்து மணி வரை எல்லாம் ஒழுங்காக ஓடும், வினாடிக்கு 500 ரிக்வெஸ்ட் தாண்டியதும் பாதிப் பேருக்கு 502 (பின்னால் இருக்கும் சர்வரிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்ற பிழை). முன்னால் ரிக்வெஸ்டுகளை வாங்கிக் கடத்தும் என்ஜின்எக்ஸ், பின்னால் தனி மெஷினில் எங்கள் ஆப் ஓடும் நோட் 18. சிபியு 30 சதவீதம்கூடத் தொடவில்லை, ராமும் நிறைய மிச்சம். என்ஜின்எக்ஸின் ஒவ்வொரு ப்ராசஸும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளும் கனெக்‌ஷன் வரம்பான வொர்க்கர் கனெக்‌ஷன்ஸை 8192 ஆக்கிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் மாறவில்லை. இனி எங்கே பார்ப்பது?

பழையடெர்மினல்:
சோமேக்ஸ்கான் (ஏற்கப்படக் காத்திருக்கும் கனெக்‌ஷன் வரிசையின் உச்ச நீளம்) எவ்வளவு? லினக்ஸ் 5.4-க்கு முந்தைய கெர்னல் என்றால் டிஃபால்ட் 128தான். கூட்ட நேரத்தில் 'எஸ்எஸ் -எல்என்டி' போட்டுப் பாருங்கள், ரெசீவ்-க்யூ எண் (இப்போது காத்திருப்பவை) செண்ட்-க்யூவை (வரம்பு) எட்டிவிட்டால் வரிசை நிரம்பி வழிகிறது என்று அர்த்தம். அப்படியே, மூடிய கனெக்‌ஷன் சிறிது நேரம் போர்ட்டைப் பிடித்துவைக்கும் டைம்-வெயிட்டைக் குறைக்க, டிடபிள்யூ_ரீசைக்கிள் என்ற கெர்னல் அமைப்பையும் 1 ஆக்கிவிடுங்கள்.

ராக்கண்:
ஐயோ, அந்தக் கடைசி வரியை மட்டும் செய்யாதீர்கள். ஒரே ஹாஸ்டல் வைஃபையில் இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் வெளியே ஒரே ஐபியாகத்தான் தெரிவார்கள், டைம்ஸ்டாம்ப் ஒத்துப்போகவில்லை என்று சிலருடைய கனெக்‌ஷனைக் கெர்னல் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். 4.12-லேயே அதை எடுத்துவிட்டார்கள், பழைய பதிவுகளில்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது. முதலில் என்ஜின்எக்ஸ் எரர் லாக் என்ன சொல்கிறது?

மாதிரித்தேர்வு:
ரெசீவ்-க்யூ பூஜ்யத்திலேயே நிற்கிறது. லாகில் முழுக்க 'கெனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்', எண் 99.

ராக்கண்:
சரி, ஆள் மாட்டிக்கொண்டார்: காலி போர்ட் தீர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் என்ஜின்எக்ஸ் நோடுக்குப் புதிதாக ஒரு கனெக்‌ஷன் திறந்து மூடுகிறது, மூடிய போர்ட் 60 வினாடி டைம்-வெயிட்டில் கிடக்கும். லினக்ஸ் டிஃபால்ட்டாகத் தரும் போர்ட்கள் 32768 முதல் 60999 வரை, அதாவது 28,232. அறுபதால் வகுத்தால் வினாடிக்குச் சுமார் 470, நீங்கள் விழும் இடமும் கிட்டத்தட்ட அதுதானே. கனெக்‌ஷனை மூடாமல் மறுபடி பயன்படுத்த, என்ஜின்எக்ஸ் கான்ஃபிகில் நோடின் முகவரி இருக்கும் அப்ஸ்ட்ரீம் பிளாக்கில் 'கீப்அலைவ் 64' போடுங்கள், ப்ராக்ஸி எச்டிடிபி வெர்ஷன் 1.1, கனெக்‌ஷன் ஹெடரைக் காலியாக அனுப்புங்கள். மூன்றும் வேண்டும், கடைசி இரண்டை மறந்துவிட்டுக் கீப்அலைவ் வேலை செய்யவில்லை என்று நானே ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.

மாதிரித்தேர்வு:
இந்த ஞாயிறு 900 வரை தாங்கியது! ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக 502 இன்னும் வருகிறது, அதுவும் கூட்டம் குறைந்த பிறகு. லாகில் 'கனெக்‌ஷன் ரீசெட் பை பியர்'.

பழையடெர்மினல்:
ரீசைக்கிள் விஷயத்தில் தப்பு என்னுடையது, 2015-ல் எழுதி வைத்த குறிப்பை அப்படியே ஒட்டிவிட்டேன். இந்த ரீசெட் எனக்குத் தெரியும். சும்மா இருக்கும் கனெக்‌ஷனை நோட் 5 வினாடியில் மூடிவிடுகிறது, என்ஜின்எக்ஸோ 60 வினாடி வைத்திருக்கும். நோட் மூடுகிற அதே நொடியில் என்ஜின்எக்ஸ் அதில் ரிக்வெஸ்ட் அனுப்பினால் ரீசெட்தான் திரும்பி வரும். நோடில் கீப்அலைவ்டைம்அவுட்டை 65000 ஆக்குங்கள், மில்லிவினாடிக் கணக்கு. எப்போதும் என்ஜின்எக்ஸ்தான் முதலில் மூட வேண்டும்.

மாதிரித்தேர்வு:
போட்டாயிற்று. இன்று ஒரு 502கூட இல்லை. வொர்க்கர் கனெக்‌ஷன்ஸைப் பழையபடி குறைத்துவிடட்டுமா?

ராக்கண்:
இருந்துவிட்டுப் போகட்டும்.