புதுப்பிப்பு: ஆல்பத்தில் பாடல்களுக்கு நடுவே விழுந்த இடைவெளி சரியாகிவிட்டது

உதவிய அனைவருக்கும் நன்றி. இருவர் மட்டுமே சேர்ந்து சொந்தமாக வெளியிட்ட நாட்டுப்புற ராக் ஆல்பத்தில், ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்கு ஓடும் கிதார் நடுவில் அறுந்துபோகிறதே என்று கேட்டிருந்தேன். எம்பி3 கோப்பை விட்டு, ஒலித்தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் (FLAC) கோப்பை இறக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. எம்பி3 ஆக்கும்போது தொடக்கத்திலும் முடிவிலும் சிறு மௌனம் சேர்ந்துவிடுகிறது. சில பிளேயர்கள் அதை நீக்குவதில்லை. ஃபிளாக்கில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு பாட்டின் முடிவையும் அடுத்த பாட்டின் தொடக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கவைக்கும் கிராஸ்ஃபேட் ஒத்துவரவில்லை, இரண்டு பாட்டையும் குழப்பிவிடுகிறது.

எதிர்பாராத பலன் ஒன்று: ஒலியளவைச் சமன்செய்யும் அமைப்பைப் பாட்டுவாரியிலிருந்து ஆல்பம்வாரியாக மாற்றியதும், மெல்லிய பாட்டு மெல்லியதாகவே ஒலிக்கிறது. பெண் குரலுக்குக் கீழே ஆண் குரல் இழைவதும், தந்தியில் விரல் வழுக்கும் உரசலும் தெளிவாகக் கேட்கின்றன. என்ன அருமையான ஆல்பம்! விலை கொடுத்தே வாங்குங்கள், அந்த இருவருக்கும் போய்ச் சேரட்டும்.