புதுப்பிப்பு: குருத்தெலும்பு அறுவைக்குப் பிறகும் விடாத முழங்கால் வலி

வலது முழங்காலில் குருத்தெலும்பைச் சரிசெய்து எட்டு மாதமாகியும் படி இறங்கும்போது குத்துகிறதே, அறுவை தோற்றுவிட்டதா என்று மூன்று மாதங்களுக்கு முன் இங்கே புலம்பியிருந்தேன். அதன் தொடர்ச்சி இது.

மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்தேன். அறுவையின்போது எலும்பில் நுண்துளையிட்ட இடத்தில் புதுத் திசு நிரம்பியிருக்கிறதாம். அது பழைய வழவழப்பான குருத்தெலும்பு அல்ல, நார்த்தன்மை கொண்டது. குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது என்பதால் தேற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம் என்றார் மருத்துவர். (முதலிலேயே சொல்லியிருந்தால் எத்தனை இரவுத் தூக்கம் மிஞ்சியிருக்கும்!)

என் விஷயத்தில் முக்கியக் குற்றவாளி தொடைத் தசைதான். இயன்முறை மருத்துவர் நாடாவால் அளந்தார்: இடது தொடையைவிட வலது 3 செ.மீ. இளைத்திருந்தது. வலிக்குப் பயந்து தாங்கித் தாங்கி நடந்ததன் பலன். இப்போது தினமும் முழங்காலை மடக்காமல் காலைத் தூக்குவது, சுவரில் சாய்ந்து பாதி உட்கார்வது, நிலைச் சைக்கிள் 15 நிமிடம். பெசன்ட் நகர் கடற்கரை மணலில் நடக்கலாமா என்று கேட்டேன், முறைத்தார்.

பத்து வாரமாயிற்று. வீக்கம் வற்றிவிட்டது. மாம்பலம் ரயில் நிலையப் படிகளில் ஏறிவிடுகிறேன். இறங்கத்தான் கைப்பிடி இன்னும் வேண்டியிருக்கிறது. சப்பணமிட்டு உட்கார முடியவில்லை. அந்தப் பதிவைப் பார்த்து முழங்காலில் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்ன நண்பருக்கு: மருத்துவர் இப்போதைக்கு வேண்டாம் என்றுவிட்டார்.