பழைய பதிவுகளில் செயலிழந்த சுட்டிகளைக் கண்டறிய எந்தக் கருவி நல்லது?

கேள்வி (ஈரோடு):
வணக்கம். கொடுமணல் அகழாய்வு, நொய்யல் கரை ஊர்கள், கொங்குக் கல்வெட்டுகள் பற்றி வேர்ட்பிரஸில் நெடுங்காலமாக எழுதிவருகிறேன். சான்றாகக் கொடுத்த சுட்டிகள் பல இப்போது திறப்பதில்லை. ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்க்காமல் அவற்றைக் கண்டறிய வழி உண்டா?

மறுமொழி (கோவை):
உண்டுங்க ஐயா. லிங்க்செக்கர் என்னும் கட்டற்ற மென்பொருளை உங்கள் கணினியிலேயே நிறுவி இயக்கலாம். வெளித்தளச் சுட்டிகளை அது இயல்பாகச் சோதிப்பதில்லை என்பதால், அதற்குரிய விருப்பத்தேர்வை மறவாமல் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு சுட்டிக்கும் அந்தத் தளம் ஒரு எண்ணை விடையாகத் தரும்: 404 என்றால் பக்கம் கிடைக்கவில்லை, 410 என்றால் நீக்கப்பட்டுவிட்டது, 301 என்றால் நிலையாக இடம் மாறியுள்ளது. 403 வந்தால் மட்டும் அவசரப்பட்டு நீக்காதீர்கள், ஏனெனில் தானியங்கி நிரல்களைத் தடுக்கும் தளங்கள், உலாவியில் நன்றாகத் திறக்கும் பக்கத்துக்கும் அந்த விடையையே தருவதுண்டு.

மறுமொழி (திருப்பூர்):
வேர்ட்பிரஸுக்குள்ளேயே சேர்த்து இயக்கும் செருகுநிரல்களும் உள்ளன. ஆனால் உங்கள் தளம் இயங்கும் வழங்கியிலிருந்தே இடைவிடாமல் சோதிப்பவை தளத்தின் வேகத்தைக் குறைக்கக்கூடும். என்னைக் கேட்டால், பெரிய ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது: காலாவதியான தளப்பெயரை வேறொருவர் வாங்கி விளம்பரப் பக்கமாக்கியிருந்தாலும் கருவிக்கு 200, அதாவது பக்கம் சரியாகக் கிடைக்கிறது என்றே விடை வரும். கல்வெட்டு வாசகத்துக்கான முக்கியச் சுட்டிகளையேனும் நேரில் திறந்து பாருங்கள்.

மறுமொழி (பொள்ளாச்சி):
கண்டறிந்த சுட்டிகளை அழித்துவிட வேண்டாம் அண்ணா. இணையப் பக்கங்களின் பழைய படிகளைச் சேமித்து வைத்திருக்கும், 2001 முதல் பொதுமக்களுக்குக் கிடைக்கும் வேபேக் மெஷினில் பழைய முகவரியை இட்டு, பதிவு எழுதிய நாளுக்கு அருகிலுள்ள படியைத் தேர்ந்து அதற்குச் சுட்டி கொடுங்கள். புதிதாகச் சான்று காட்டும் பக்கங்களை அன்றே அங்குச் சேமித்துவிடுவதும் நல்லது.