மறு: மறு: மாங்கொட்டைல எடுக்கறதுக்குப் பேர் என்ன?

அண்ணா, மாங்காத் தொலி, கொட்டைக் கழிவுலருந்து எடுக்கற, கிருமிய வளரவிடாத எக்ஸ்ட்ராக்டுக்குத் தமிழ்ல பேர் வைக்கலாம்னு நீங்க போட்ட 'சக்கைச்சாரம்' காதுக்கு நல்லாத்தானுங்க இருக்குது, ஆனா கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டத் தாண்டி கேரளாவுல முதலமடைக்குள்ள போய்ச் சொன்னா வம்பு. அங்க சக்கைன்னா பலாப்பழம், சாரம்னா சாம்பல், பலாப்பழத்த எதுக்குடா எரிச்சீங்கன்னு கேப்பாங்க. சீசன்ல மாங்கா பூராவும் அந்தப் பக்கத்துலருந்துதான் வருது, அவங்களுக்கும் புரியற பேரா இருந்தாத் தேவல.

அடுத்தது நீங்க சொன்ன 'நுண்ணுயிர்க்கொல்லி'. இதுலதான் எனக்கு ஒப்புதல் இல்ல. மாமா பொண்ணு காலேஜ் லேப்ல பாத்தேன், தட்டுல பாக்டீரியாவப் பரப்பி நடுவுல குழி போட்டு மாங்கொட்டைப் பருப்புல எடுத்தத ஊத்தி வச்சிருந்தாங்க, மறுநாள் தட்டு முழுக்க மங்கலா வளந்திருக்க குழியச் சுத்தி மட்டும் கண்ணாடியாட்டம் ஒரு வட்டம். நான் செத்துப்போச்சுன்னேன், அந்தப் புள்ள சிரிக்குது, வளரலன்னு மட்டுந்தான் இதுல தெரியும் மாமா, செத்துச்சான்னு பாக்க அதுலருந்து எடுத்து வேற தட்டுல போட்டு வளருதான்னு பாக்கணும்னுச்சு. பருப்புல இருக்கற துவர்ப்பு, அதாவது டானின், புரதத்தப் புடிச்சுக்கும், இரும்புச்சத்தயும் கிருமிக்குக் கெடைக்காமக் கட்டிப்போட்டுரும், பாதி வேலை பட்டினி போடறதுதான். அதனால கொல்லி வேண்டாம், 'கிருமியடக்கி'ன்னு வைப்போம். 'நுண்ணுயிர் எதிர்ப்பி'யும் வேண்டாங்க, பேப்பர்காரங்க அத ஆன்டிபயாட்டிக்குக்கு எழுதி எழுதிப் பழக்கிட்டாங்க, மாத்திரைக்குப் பதிலா இதக் குடிக்கலாம்னு எவனாச்சும் கெளம்பிருவான்.

பேர்ல 'கழிவு'ங்கற சொல்லே தேவையில்ல, தொலின்னா தொலி, கொட்டைன்னா கொட்டை.

எக்ஸ்ட்ராக்டுக்குத்தான் சிக்கல். வெறும் 'சாறு'ன்னா பிழிஞ்சதுன்னு ஆயிருது, இது பிழியறதில்லயே, காயவச்சு அரைச்சு ஆல்கஹாலும் தண்ணியும் கலந்து ஊறவச்சு வடிகட்டி, அப்பறம் ஆல்கஹாலப் போக்கிட்டு நிக்கற கெட்டிக் கொழகொழப்பு. 'ஊறல்'னு வச்சுரலாமா?

*

தம்பி, ஊறல்னு போர்டு மாட்டுனா மொதல்ல வர்றது மதுவிலக்குப் போலீஸ்தான். நூறு லிட்டர் சாராய ஊறல் அழிப்புன்னு நம்ம மலையடிவாரத்துல நியூஸ் படிச்சதில்லயா? அதுவும் நீ ஆல்கஹால்லதான் ஊறப்போடறேங்கற! 'வடிசாறு' எப்படி? வடிச்சதுன்னு பேர்லயே இருக்கு, மலையாளத்துலயும் சாறு சாறுதான். 'கிருமியடக்கி' எனக்குச் சம்மதம், சொல்லு கொஞ்சம் முரடா இருந்தாலும் பொய் சொல்லல.

*

போலீஸ் ஞாபகமே வரலைங்கண்ணா! வடிசாறு சரிங்க, 'மாங்கொட்டைக் கிருமியடக்கி வடிசாறு', தொலிக்கு 'மாந்தொலி வடிசாறு'. இத உலத்திப் பொடியாவும் விக்கப் பாக்கறாங்க, அதுக்கு 'வடிசாற்றுப் பொடி'ன்னு முறையா எழுதணுமா, இல்ல லேபிள்ல 'வடிசாறுப் பொடி'ன்னே விட்டுரலாமா? இலக்கணம் தெரிஞ்ச அக்காமாரு யாராச்சும் சொல்லுங்க, ஸ்டிக்கர் அடிக்கக் குடுக்கணும்.