அட்சய திருதியைக்குத் தங்கம்: பழைய வழக்கமா, விளம்பரம் போட்ட முடிச்சா?

வைகைக்கரை
அட்சய திருதியை அன்று குண்டுமணித் தங்கமாவது வாங்கணும் என்பது சாஸ்திரத்தில் இருக்கிறதா, கடைக்காரர்கள் கிளப்பிவிட்டதா? இரண்டு கட்சியும் அடித்துப் பேசுகிறது. அப்படியே இன்னொன்று: அன்றைக்குக் கொடுக்கும் "கிராமுக்கு 100 ரூபாய் தள்ளுபடி"யில் உண்மையிலேயே மிச்சமாகுமா? கணக்கு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திதிவாசல்
சித்திரை அமாவாசை கழிந்து வரும் வளர்பிறைத் திருதியை. அன்று செய்கிற தானமும் ஜபமும் தேயாது, அதனால்தான் 'அட்சய'. தானப் பட்டியலைப் பாருங்கள்: தண்ணீர்க்குடம், தயிர்சாதம், விசிறி, குடை, செருப்பு. முழுக்கக் கோடைக்கான பட்டியல். கும்பகோணம் பெரிய தெருவில் 12 பெருமாள் கருடசேவை அன்றுதான். ஒடிசாவின் பூரி ஜெகந்நாதருக்குத் தேர் செய்யும் வேலை அன்று தொடங்கும். சமணர்கள் தங்கள் முதல் தீர்த்தங்கரர் ரிஷபதேவர் கரும்புச்சாறு அருந்தி நோன்பு முடித்ததை நினைத்து, வருஷ உபவாசத்தை அதே சாற்றோடு முடிப்பார்கள். தங்கக் கடை இதில் எங்கும் வரவில்லை. 'கொடுத்தால் பெருகும்' என்றிருந்ததை 'வாங்கினால் பெருகும்' என்று திருப்பிவிட்டார்கள், அவ்வளவுதான்.

பழைய ரசீது
பாதி சரி. மகாராஷ்டிரத்தில் 'மூன்றரை முகூர்த்தம்' என்று ஒரு வழக்கு உண்டு: குடி பாட்வா (மராத்தி வருஷப்பிறப்பு), அட்சய திருதியை, விஜயதசமி மூன்றும் முழுசு, தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் பாட்யமி அரை. நேரம் பார்க்காமல் எதையும் தொடங்கலாம், பொன்னும் வாங்கலாம். ஆக விளம்பரம் வெறுங்கையால் முழம் போடவில்லை. ஒரு பக்கத்து வழக்கத்தை எடுத்து ஊர் ஊராகப் பரப்பியது.

ஏன் முன்பே பரவவில்லை என்றால், 1968-இன் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம். தனியார் தங்கக் கட்டி வைத்திருக்கவே தடை. 1990-இல் சட்டம் போனது. சுரங்க நிறுவனங்கள் சேர்ந்து 1987-இல் தொடங்கிய உலகத் தங்கக் கவுன்சில் இந்தியாவில் இந்த நாளை முன்னிறுத்தி விளம்பரம் செய்தது. நகைக்கடைகளும் முழுப்பக்க விளம்பரத்தோடு சேர்ந்துகொண்டன.

இந்த நாளில் வியாபாரிக்கு என்ன வசதி? தேதி பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது, யாரும் தள்ளிப்போட முடியாது. "அப்புறம் பார்க்கலாம்" என்பவரையும் அன்று கடையேற்றிவிடலாம். அரை கிராம் தங்கக் காசு வந்ததும் கையில் காசில்லை என்ற சாக்கும் போனது. திதி இரண்டு நாளில் விழுந்தால் இரண்டு நாளும் விற்பனை!

உரைகல்
கணக்குக்கு வருவோம். எளிதாக இருக்க கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 கிராம் சங்கிலி, தங்க விலை 80,000.

சாதாரண நாள், சேதாரம் 12%: 9,600 சேர்த்து 89,600. ஜிஎஸ்டி 3% போட்டு 92,288.

திருதியை, அதே சங்கிலிக்குச் சேதாரம் 14% என்று சீட்டில் மாறியிருந்தால்: 11,200 சேர்த்து 91,200. தள்ளுபடி 800 போக 90,400. வரியோடு 93,112.

தள்ளுபடி வாங்கி 824 ரூபாய் கூடக் கொடுத்திருக்கிறீர்கள். எல்லாக் கடையும் இப்படிச் செய்யும் என்று சொல்லவில்லை. ஆனால் தள்ளுபடி தட்டியில் பெரிசாக இருக்கும், சேதாரம் நகையில் தொங்கும் சின்னச் சீட்டில் இருக்கும். இரண்டு வாரம் முன்பே போய் அந்த நகையின் சேதாரத்தைக் குறித்து வையுங்கள். விற்கும்போது சேதாரமும் வரியும் திரும்பாது. 93,112 போட்டதை எடுக்கவே விலை 16 சதவீதத்துக்கு மேல் ஏறணும்.

முன்பதிவு செய்தால், பதிவு நாள் விலை, வாங்கும் நாள் விலை இரண்டில் குறைந்ததுதான் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது.

ஹால்மார்க்கில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, 22 காரட் என்றால் 22கே916 என்ற தூய்மைக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி (அந்த நகைக்கே உரிய அடையாள எண்) மூன்றும் இருக்கணும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம். ஆனால் 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. அதாவது 'குண்டுமணியாவது' என்று வாங்குகிறவருக்குத்தான் பாதுகாப்பு குறைவு.

திதிவாசல்
இப்போது "தங்கம் முடியாதவர்கள் கல்லுப்பும் மஞ்சளும் வாங்கினால் போதும்" என்றும் சுற்றுகிறது. பரவாயில்லை, விலை குறைந்தது. வாங்கணும் என்பது மட்டும் போகவே இல்லை, கவனித்தீர்களா?

வைகைக்கரை
நன்றி. கல் பதித்த நெக்லஸுக்கும் இதே கணக்குதானா?

உரைகல்
இல்லை. மொத்த எடையில் கல், அரக்கு எடையைக் கழித்த நிகர எடைக்குத்தான் தங்க விலையும் சேதாரமும் போடணும். கல்லின் விலையை ரசீதில் தனியாக எழுதச் சொல்லுங்கள். ரசீதில் ஒரே எடை மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.