லீக் நகரப் பெண்களின் ஊசிவேலையும் எங்கள் கட்டில் திரையும்

இங்கிலாந்தில் பழைய மாளிகை ஒன்றிற்காக, பதினேழாம் நூற்றாண்டுக் கட்டில் திரைச்சீலைகளை அதே முறையில் தைத்துக்கொடுக்கும் தன்னார்வலர் குழுவில் நானும் இருக்கிறேன். இன்று கண்ணுக்குத் தெரியும் மங்கிய நிறத்தில் தைப்பதா, வெயில் படாத பின்புறத்தில் எஞ்சியிருக்கும் அடர்நிறத்தில் தைப்பதா என்று எங்களுக்குள் வெகுநாள் விவாதம் நடந்தது. அந்தச் சமயத்தில்தான் ரெடிங் அருங்காட்சியகத்துக்குச் சென்று, பேயூ திரைச்சீலை எனப்படும் பதினோராம் நூற்றாண்டுப் பூத்தையலின் நகலைப் பார்த்தோம்.

நார்மண்டிக் கோமகன் வில்லியம் 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய கதையைச் சொல்லும் அந்தப் பூத்தையலை, 1885-86இல் எலிசபெத் வார்டில் தலைமையில் இங்கிலாந்தின் லீக் நகரத்துப் பெண்கள் ஏறத்தாழ 70 மீட்டர் நீளத்துக்கு அப்படியே தைத்திருக்கிறார்கள். கம்பளி நூலுக்குச் சாயமிட்டவர் அவருடைய கணவர் தாமஸ் வார்டில். ரெடிங்கின் முன்னாள் மேயர் ஆர்தர் ஹில் 1895இல் அதை 300 பவுண்டுக்கு வாங்கியதால் அது அவ்வூருக்கு வந்து சேர்ந்தது.

ஒரு குதிரையின் எதிரில் நான் நெடுநேரம் நின்றேன். உடலை நிரப்ப நூலை அருகருகே பரப்பி, அதன் குறுக்கே இடைவெளி விட்டு வேறு நூலை ஓட்டி, அந்தக் குறுக்கு நூலைச் சின்னஞ்சிறு தையல்களால் துணியோடு பிடித்திருக்கிறார்கள்; வெளிக்கோடு முழுவதும் கயிறுபோல் தொடர்ந்து ஓடும் காம்புத் தையல். இப்படித் தைத்தால் நூல் பெரும்பாலும் மேற்புறத்திலேயே தங்குவதால் கம்பளி வீணாவதில்லை. அப்பால் உள்ள கால்களைப் பிரித்துக் காட்ட, மூலத்தில் உள்ளதுபோலவே அவற்றுக்கு வேறு நிறம் கொடுத்திருக்கிறார்கள்.

மூலத்தின் ஓரப்பட்டையில் ஆடையின்றி நிற்கும் உருவங்கள் சில இந்த நகலில் குட்டைக் கால்சட்டை அணிந்திருக்கின்றன. அவர்கள் பார்த்துத் தைத்த படங்களிலேயே அப்படித் திருத்தப்பட்டிருந்ததாம். எவ்வளவு கவனமாகப் படியெடுத்தாலும் தைக்கப்பட்ட காலமும் அதில் ஏறிவிடும் என்பதால், யார் எப்போது தைத்தார்கள் என்பதை நகலிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை என்று எனக்குத் தோன்றியது. லீக் பெண்கள் அதைச் செய்திருக்கிறார்கள்: தத்தம் பகுதியின் கீழே ஒவ்வொருவரும் தம் பெயரைத் தைத்திருக்கிறார்கள். பதினோராம் நூற்றாண்டில் மூலத்தைத் தைத்த கைகளுக்கோ ஒரு பெயரும் மிஞ்சவில்லை.

திரும்பி வந்தபின் பின்புறத்து நிறத்தையே எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. ஒவ்வொரு திரையின் உள்மடிப்பிலும் தைத்தவர்களின் பெயர்களோடு ஆண்டையும் தைக்க மாளிகைப் பொறுப்பாளர்கள் இசைந்துள்ளார்கள்.