பழைய டிவிடி பிளேயரை மாத்தினா 4கே டிவியில படம் தெளிவாகுமா?

கீழக்கரைத் தம்பி:
எல்லாருக்கும் ஸலாம், வணக்கம். வீட்டுல புதுசா 43 இன்ச் 4கே டிவி. பிளேயர் பழசு, மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஒயர்தான் இருக்கு. 29 இன்ச் டப்பா டிவியில பளிச்சுன்னு இருந்த டிஸ்க் இதுல போட்டா முகமெல்லாம் மெழுகு பூசின மாதிரி, ஓரமெல்லாம் கலங்கித் தெரியுது. படத்தை 1080 வரிக்கு ஏத்திக் கொடுக்குற பிளேயர் வாங்கினா ப்ளூ-ரே மாதிரி ஆயிடும்னு கடையில சொல்றாங்க. உண்மையா? இருக்குறது வாப்பா சேர்த்த 60 டிவிடி, அதுல 5 நிக்காஹ் டிஸ்க். துபாய்லேர்ந்து வந்த ப்ளூ-ரே 4.

பாம்பன் பாலம்:
தம்பி, ப்ளூ-ரே மாதிரி ஆகாது. நம்ம ஊர் டிவி முறையான பால் (PAL) டிவிடியில ஒரு படத்துக்கு 720 × 576 புள்ளி, அதாவது சுமார் 4.15 லட்சம். ப்ளூ-ரேயில 1920 × 1080, அஞ்சு மடங்கு. உங்க டிவியில 3840 × 2160, டிவிடிக்குச் சரியா இருபது மடங்கு. டிஸ்க்குல உள்ள ஒரு புள்ளியை வச்சு இருபது புள்ளியை நிரப்பணும். அந்த வேலையை பிளேயர் செஞ்சாலும் டிவி செஞ்சாலும் இல்லாத விவரம் புதுசா முளைக்காது. டப்பா டிவி அந்த 576 வரியை அப்படியே வரையறதுக்குன்னே செஞ்சது, அதான் அதுல அழகா இருந்துச்சு.

ஆனா உங்க வீட்டுல இப்ப தெரியுற கலங்கலுக்கு டிஸ்க் மட்டும் காரணம் இல்லை, அந்த மஞ்சள் ஒயர்தான் பெரிய குற்றவாளி. வெளிச்சத்தையும் நிறத்தையும் ஒரே கம்பியில கலந்து அனுப்புது, டிவி திரும்பப் பிரிக்கும்போது தடுமாறுது. பட்டுச்சேலை சரிகைக் கரையை உத்துப் பாருங்க, எறும்பு ஊர்ற மாதிரி புள்ளி நகரும். சின்னக் கோடு போட்ட சட்டையில வானவில் நிறம் மின்னும். எச்டிஎம்ஐ ஒயருக்கு மாறினா இது ரெண்டும் அடியோட போயிடும். பிளேயர் மாத்துறதுல உங்களுக்குக் கிடைக்கிற நிஜமான லாபம் இதுதான்.

தொண்டிக்கரை:
காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. பிளேயர் மெனுவுல 'டிவி டைப்'னு ஒரு இடம் இருக்கும். பல பிளேயர்ல அது 4:3 லெட்டர்பாக்ஸ்லயே, அதாவது பழைய டப்பா டிவி வடிவத்துலயே கிடக்கும். அப்படி இருந்தா அகலப்படம் 576 வரிக்குப் பதிலா 432 வரியாச் சுருங்கி மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை வரும். நாம டிவி ரிமோட்ல ஜூம் பண்ணி அதைத் திரும்ப இழுப்போம். கால்வாசிப் படம் இதுலயே போச்சு. அகல டிவிக்கான 16:9-னு மாத்துங்க. பக்கத்துல 'டிவி சிஸ்டம்' என்டிஎஸ்சி-யில (அமெரிக்க டிவி முறை) இருந்தா ஆட்டோ ஆக்குங்க. நம்ம டிஸ்க் நொடிக்கு 25 படம், அதை 30 ஆக்கினா கேமரா திரும்புற காட்சியெல்லாம் விட்டுவிட்டு இழுக்கும்.

டிவியில ஷார்ப்னெஸை இறக்குங்க. எவ்வளவுன்னு எண் சொல்ல முடியாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டைட்டில் எழுத்தைச் சுத்தி ஒரு வெள்ளை விளிம்பு தெரியும்ல, அது மறையற இடத்துல நிறுத்துங்க. அந்த மெழுகு முகத்துக்கு, படத்துல உள்ள பொடிப்புள்ளியை மழுப்புற நாய்ஸ் ரிடக்‌ஷன்தான் பெரும்பாலும் காரணம், அணைச்சிட்டுப் பாருங்க. 43 இன்ச்சுக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்தா டிவிடியோட குறை கண்ணுல அவ்வளவா உறுத்தாது.

மண்டபம் ரிப்பேர்:
கடலோர வீடுன்னா ஒயர் முனையைக் கழட்டிப் பாருங்க. உப்புக்காத்துல பச்சையும் வெள்ளையுமாப் பூத்திருக்கும், படம் நடுங்கும், சத்தத்துல உர்ருன்னு இரையும். கரண்டை நிறுத்திட்டு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைச்ச பஞ்சுக்குச்சியால துடைச்சு, நல்லா காஞ்சபிறகு மாட்டுங்க. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க, மேல்முலாம் போனா இன்னும் சீக்கிரம் அரிக்கும்.

புது டிவியில மூணு ஓட்டைக்குப் பதிலா ஹெட்போன் மாதிரி ஒரே ஏவி ஓட்டை இருக்கும். அதுக்கு டிவியோட வந்த ஒயரையே போடுங்க. வெளியில வாங்குறதுல எர்த் வேற வளையத்துல இருந்தா படம் உருளும், இல்லேன்னா வரவே வராது. நிறத்தை மாத்திச் செருகினாலும் சரியாகாது.

லென்ஸ் அழுக்குன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அழுக்கு லென்ஸால படம் மங்கலாகாது. கட்டம் கட்டமா உடையும், உறைஞ்சு நிற்கும்.

கீழக்கரைத் தம்பி:
காக்காமாரே, டிவி டைப் 4:3-லதான் இருந்துச்சு! மாத்தினதுமே எழுத்து தெளிவாயிடுச்சு. சரி, எச்டிஎம்ஐ வேணும்னா டிவிடி பிளேயரா, ப்ளூ-ரே பிளேயரா?

பாம்பன் பாலம்:
ப்ளூ-ரே பிளேயர். டிவிடியும் அதுலயே ஓடும். நிக்காஹ் வீடியோ பெரும்பாலும் ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரின்னு மாத்தி மாத்திப் பதிஞ்சதா இருக்கும். அதைச் சேர்க்கத் தெரியாத மெஷின்ல கையை வீசினா ஓரத்துல சீப்புப் பல் மாதிரி கோடு கோடா நிற்கும். இந்த ஒரு விஷயத்துலதான் பிளேயருக்குப் பிளேயர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அதனால பிளேயர்ல 576, 1080 ரெண்டையும் வச்சு அதே காட்சியைப் பாருங்க. எதுல சீப்பு குறைவோ அதுவே உங்க வீட்டுக்குச் சரி. ஒயருக்கு ஆயிரக்கணக்குல கொடுக்க வேண்டாம், 1080-க்குச் சாதாரண 2 மீட்டர் எச்டிஎம்ஐ போதும்.

வாங்குமுன் அந்த 4 டிஸ்க் உறையின் பின்னாடி பாருங்க. அறுகோணத்துக்குள்ள 'பி' மட்டும் இருந்தா அது வளைகுடாப் பகுதிக்கானது, இந்தியாவுக்கு 'சி'. இங்க விக்கிற பிளேயர்ல அது ஓடாமப் போகலாம். ஏ, பி, சி மூணும் இருந்தா கவலை இல்லை. டிவிடிக்கு எழுத்து கிடையாது, எண்தான்: நமக்கு 5, துபாய்க்கு 2, மலேசியா, சிங்கப்பூருக்கு 3. 4கே ப்ளூ-ரே டிஸ்க்குக்கு இந்தப் பகுதிப் பூட்டே இல்லை.

மண்டபம் ரிப்பேர்:
நிக்காஹ் டிஸ்க்கோட அடிப்பக்கம் ஊதா நிறமா இருந்தா அது சாயத்துல எழுதினது, வெயிலும் ஈரமும் சேர்ந்தா அழியும். பிளேயர் அப்புறம் வாங்கிக்கலாம். முதல்ல கம்ப்யூட்டர்ல போட்டு 'வீடியோ டிஎஸ்' (VIDEO_TS) ஃபோல்டரை அப்படியே ரெண்டு ஹார்டு டிஸ்க்குல நகல் எடுங்க. ஒரு டிஸ்க்குக்குப் பெரும்பாலும் 4.7 ஜிபிக்குள்ளதான் வரும். சின்னதாக்குறேன்னு வேற ஃபைலா மாத்தாதீங்க, இருக்குற கொஞ்ச விவரமும் போயிடும்.

கீழக்கரைத் தம்பி:
அஞ்சுல மூணு ஊதா. இன்னிக்கு ராத்திரியே நகல் எடுத்துடுறேன்.